மலையில் வைத்திருக்கும் பழைய 150 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் பதினெட்டு வருடமாக வால்வு செட்டுகளைப் பழுது பார்த்து வருகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்டுக்கு ஆள் கூப்பிடவும், தோட்டத்தில் இலை எடை போடும் நேரம் சொல்லவும், திருவிழாவுக்கும் ஓடிய பெரிய ஆம்ப்ளிஃபையர்கள் இப்போது ஒவ்வொன்றாக மூலையிலிருந்து வெளியே வருகின்றன. விலைக்கு வாங்கியவர்களும், அப்பா, தாத்தா காலத்துச் சொத்தாகப் பெற்றவர்களும் போனில் கேட்பது பெரும்பாலும் இதே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு என் பட்டறையில் இருக்கும் செட்டையே எடுத்துக்கொள்கிறேன்: 150 வாட், நான்கு 807 வால்வு, ஏசியை டிசியாக்கும் இரண்டு 866ஏ பாதரச ரெக்டிஃபையர், 100 வோல்ட் லைன் அவுட்புட், எடை 41 கிலோ. உங்களுடையது வேறு மாதிரியாக இருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும்.

அண்ணா, வால்வுன்னா என்ன? டிரான்சிஸ்டருக்கு முன்னாடி இருந்ததுதானே?

அதேதான். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு ஹீட்டர், அதைச் சுற்றிக் கேதோடு, வெளியே பிளேட், நடுவில் கம்பிச் சுருளாகக் கிரிட். கேதோடு சூடானதும் எலக்ட்ரான்கள் கிளம்பிப் பிளேட்டுக்கு ஓடும். மைக்கிலிருந்து வரும் சின்ன வோல்டேஜ் கிரிட்டில் நின்று அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். வயல் மடையைக் கையளவு திறந்து மூடுவது போலத்தான். ஃபிளெமிங் 1904இல் இரண்டு முனை வால்வு செய்தார். டி ஃபாரஸ்ட் 1906இல் நடுவே கிரிட்டைச் சேர்த்தார். நம் செட்டில் இருக்கும் 807 அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனி 1936இல் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் டிரான்ஸ்மிட்டர்களுக்காக ஏராளமாகச் செய்யப்பட்டதால், போருக்குப் பிறகு மலிவாகக் கிடைத்து மைக் செட்டுகளுக்குள் வந்து சேர்ந்தது.

நாலு வால்வுக்கு மண்டையில ஒயரோட தொப்பி மாட்டியிருக்கே, அது எதுக்கு?

அதுதான் பிளேட். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தொப்பியில் சுமார் 600 வோல்ட் டிசி நிற்கும். அதிக வோல்டேஜைக் கீழே மற்ற பின்களோடு நெருக்கி வைக்கக் கூடாது என்றுதான் தலைக்குக் கொண்டுபோனார்கள். 866ஏ தலையிலும் அப்படியே. மேல்மூடி இல்லாமல் செட்டை ஓட்டுவதை என் பட்டறையில் அனுமதிப்பதில்லை. மூடி தொலைந்திருந்தால் முதலில் ஓட்டை போட்ட தகட்டில் ஒரு மூடி செய்து மாட்டுங்கள். பிறகு மற்றதைப் பேசலாம்.

இருபது வருஷமா குடோன்ல கெடந்துச்சு. சும்மா ஒரு தடவ ஸ்விட்ச் போட்டுப் பாத்துரட்டுமா?

வேண்டாம். நான் பார்த்த கருகிப்போன டிரான்ஸ்பார்மர்களில் பெரும்பாலானவை இந்த 'ஒரு தடவ'யில் போனவைதான்.

நம் மலையில் ஜூனில் தென்மேற்குப் பருவம் தொடங்கினால், அது ஓய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். நடுவே பனிமூட்டம். குடோனில் கிடக்கும் செட்டு வருடத்தில் பாதிக்கு மேல் ஈரக் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் காகித அடுக்குகளுக்குள் ஈரம் இறங்கும். போதாததற்குத் தொழிற்சாலைச் செட்டுகளில் தேயிலைத் தூசும் நாரும் பஞ்சு போல அடைந்திருக்கும். அந்தப் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் 600 வோல்ட் ஏறினால் காயிலிலிருந்து சேஸிஸுக்கு, அதாவது செட்டின் இரும்புச் சட்டத்துக்கு, பொறி பாயும். ஒருமுறை பாய்ந்த இடத்தில் கரி படிந்துவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அதற்குப் பிறகு காயவைத்துப் பயனில்லை.

முதலில் பிரஷ்ஷால் தூசை எடுங்கள். தண்ணீரோ மண்ணெண்ணெயோ வேண்டாம். வால்வுகளைக் கழற்றி, எது எந்த இடத்தில் இருந்தது என்று எழுதிவைத்து எடுத்துவிடுங்கள். செட்டை ஒரு பெரிய மரப்பெட்டியால் மூடி, உள்ளே ஒரு 60 வாட் குண்டு பல்பை எதிலும் படாமல் தொங்கவிட்டு, பெட்டியின் மேலே இரண்டு துளை விட்டு நான்கைந்து நாள் எரிய விடுங்கள். காய்வதற்கு முன்பும் பின்பும் 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) ஒவ்வொரு காயிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பாருங்கள். என் செட்டு வந்த அன்று 2 மெகா ஓம் காட்டியது. நான்காம் நாள் 100 மெகா ஓமைத் தாண்டியது. ஏறாமல் அப்படியே நின்றால் அந்தக் காயில் போய்விட்டது என்று பொருள்.

ஃபேக்டரியிலேயே டிரையர் இருக்கு. அது வாய்ல ஒரு ராத்திரி வெச்சா வேலை சீக்கிரம் முடியுமே?

தேயிலை டிரையரின் சூட்டுக்காற்று 90 டிகிரிக்கு மேல் இருக்கும். பழைய டிரான்ஸ்பார்மர்களில் மெழுகும் தாரும் ஊற்றி அடைத்திருப்பார்கள். அவை உருகி வழிந்துவிடும். கைவைத்தால் கதகதப்பாக, 40 முதல் 50 டிகிரிக்குள் இருந்தால் போதும். இந்த வேலைக்கு நாள் கணக்குத்தான்.

ஈரம் போயிருச்சு. அடுத்து எந்த சாமான மாத்தணும்?

முதலில் கப்ளிங் கண்டன்சர்கள், அதாவது முன்வரிசை வால்வின் பிளேட்டிலிருந்து 807இன் கிரிட்டுக்குப் போகும் காகிதக் கண்டன்சர்கள். பார்க்க நன்றாக இருக்கும், மீட்டரில் மதிப்பும் சரியாகக் காட்டும். ஆனால் வோல்டேஜ் ஏறினால் கசியும். கசிந்தால் கிரிட் பாசிட்டிவாகி 807 சிவந்து உருகும். நான் சோதித்துப் பார்க்காமலே எல்லாவற்றையும் 630 வோல்ட் பாலிபுரொப்பிலீன் கண்டன்சராக மாற்றிவிடுகிறேன். இருபது ரூபாய்ச் சாமானுக்காக அவுட்புட் வால்வைப் பணயம் வைக்க மனம் வராது.

அடுத்தது பயஸ் (கிரிட்டுக்கு நிலையாகக் கொடுக்கும் நெகட்டிவ் வோல்டேஜ்) சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர், பிறகு ஃபில்டர் கண்டன்சர்கள். கார்பன் ரெசிஸ்டர்கள் ஈரத்தில் மதிப்பு ஏறிப்போயிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு காலைக் கழற்றி அளந்து, இருபது சதவீதத்துக்கு மேல் விலகியதை மாற்றுங்கள். தகர டப்பா போன்ற எண்ணெய்க் கண்டன்சர் இருந்தால் திறக்காதீர்கள். 1980க்கு முந்தைய டப்பாக்களில் பிசிபி என்னும் நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு. கசிந்திருந்தால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

ஸ்விட்ச் ரெண்டு இருக்கு. எதை முதல்ல போடணும்?

ஹீட்டர் முதலில், ஹெச்.டி., அதாவது பிளேட்டுக்குப் போகும் 600 வோல்ட், பிறகு. இந்த வரிசை மாறினால் 866ஏ போய்விடும். அதற்குள் ஒரு துளி பாதரசம் இருக்கிறது. அது ஆவியான பிறகுதான் மின்சாரம் சுலபமாகக் கடந்து போகும். இழை சூடாகாமல் ஹெச்.டி. கொடுத்தால் குப்பிக்குள் வோல்டேஜ் வீழ்ச்சி கூடி, அயனிகள் கேதோடைத் தாக்கி அதன் பூச்சை உரித்துவிடும். தயாரிப்பாளர் சொன்னது குறைந்தது 30 விநாடி. நான் மூன்று நிமிடம் விடுகிறேன்.

செட்டைப் படுக்கவைத்தோ, ஜீப்பில் கொண்டைஊசி வளைவுகளில் குலுங்கியோ கொண்டுவந்திருந்தால் மூன்று நிமிடம் போதாது. பாதரசம் தெறித்து உள்ளே எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கும். நிமிர்த்தி வைத்து, ஹீட்டரை மட்டும் அரை மணி நேரம் எரிய விட்டால் ஆவியாகிக் கீழே வந்து சேரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த கையோடு ஸ்விட்சைப் போட்டு இரண்டு 866ஏவையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஓடும்போது ஊதா வெளிச்சம் வருதே, வெடிச்சிருமா?

866ஏவில் நீல ஊதா ஒளி வருவதுதான் இயல்பு. பேசும்போது அது கூடிக் குறைவதை இருட்டில் பார்த்தால் எவருக்கும் இந்த இயந்திரத்தின் மேல் பாசம் வந்துவிடும். 807இல் கண்ணாடிச் சுவரை ஒட்டி மெல்லிய நீலம் தெரிந்தாலும் கவலை வேண்டாம். ஆனால் 807இன் நடுவே, கேதோடுக்கும் பிளேட்டுக்கும் இடையில், ரோஜா நிறமாகவோ ஊதாவாகவோ புகைபோல் நிறைந்தால் உள்ளே காற்று போய்விட்டது. உடனே நிறுத்தி அந்த வால்வை எடுத்துவிடுங்கள்.

866ஏ உடைந்தால் எல்லோரையும் வெளியே அனுப்பிச் சன்னல்களைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ கூடாது. அவை பாதரசத்தைப் பொடிப் பொடியாக்கிப் பரப்பும். கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, மூடி இறுக்கமான பாட்டிலில் அடையுங்கள். கையில் மோதிரம் இருந்தால் முதலில் கழற்றுங்கள், தங்கத்தோடு பாதரசம் ஒட்டிக்கொள்ளும்.

கோயம்புத்தூர்ல நல்லா ஓடுன செட்டு ஊட்டிக்கு வந்ததும் மக்கர் பண்ணுது. உயரம் ஒரு காரணமா?

ஆமாம், இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. மின்சாதனங்களின் தர விதிகள் பொதுவாகக் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் வரைக்கும் கணக்கிட்டு எழுதப்பட்டவை. குன்னூர் சுமார் 1850 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகத்தான் எடுத்துப் போகும். 600 வோல்ட் பொறி தாண்டுவதையும் குறைவாகத்தான் தடுக்கும். கீழே தப்பித்துவந்த அழுக்குப் படிந்த வால்வு பேஸ் இங்கே பொரியத் தொடங்கும். பேஸ்களைச் சுத்தமாக வையுங்கள். செட்டுக்கு மேலேயும் பின்னேயும் ஒரு சாண் இடம் விடுங்கள்.

குளிரும் சேர்ந்துகொள்ளும். பாதரச ரெக்டிஃபையருக்குக் குப்பியின் அடிப்பகுதி 25 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் அறையே ஐந்து டிகிரியில் இருக்கும்போது, ஸ்விட்ச் வரிசையில் சொன்ன மூன்று நிமிடத்தைப் பத்து நிமிடமாக்குங்கள்.

எஸ்டேட்ல சாயங்காலம் 180 வோல்ட்தான் வருது. அதுக்கு என்ன பண்றது?

பைக்காராவில் 1932இலேயே மின்சாரம் எடுத்த மலை இது. ஆனாலும் லைன் கடைசியில் இருக்கும் தோட்டத்துக்கு மாலையில் இந்த நிலைதான். 180 வோல்ட்டில் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 4.9தான் கிடைக்கும், 866ஏவின் 2.5 வோல்ட் இழைக்கு 2 வோல்ட்கூட வராது. 807 பொறுத்துக்கொள்ளும், 866ஏ பொறுக்காது. ஒரு கேவிஏ சர்வோ ஸ்டெபிலைசர் போதும். என் செட்டு சும்மா ஓடும்போது 150 வாட்டுக்குக் கொஞ்சம் மேலும், முழுச் சத்தத்தில் 375 வாட் அளவிலும் இழுக்கிறது.

வேரியாக் வெச்சு மெல்ல மெல்ல ஏத்தினா பத்திரம்னு சொல்றாங்களே?

வேரியாக் என்பது வோல்டேஜைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர். பாதரசம் இல்லாத செட்டுக்கு நல்ல வழி. நம் செட்டுக்கு ஆபத்து. வேரியாக் பாதியில் இருந்தால் ஹீட்டரும் பாதியில்தான் இருக்கும். ஸ்விட்ச் வரிசை பற்றிச் சொன்ன அதே சேதம் இங்கேயும் நடக்கும். சீரிஸ் பல்பு போட்டாலும் இதே கதை.

நான் செய்வது இப்படி. 866ஏ தலைத் தொப்பிகளைக் கழற்றித் தனியே கட்டிவைத்து, ஹெச்.டி. ஸ்விட்சை அணைத்து, 100 வாட் சீரிஸ் பல்போடு ஹீட்டர் பக்கத்தை மட்டும் சோதிப்பேன். பல்பு பளீரென்று எரிந்தபடியே நின்றால் எங்கோ ஷார்ட். மங்கினால் நல்லது. பல்பை எடுத்துவிட்டு முழு வோல்டேஜில் எல்லா இழைகளும் எரிகின்றனவா என்று பார்ப்பேன். ஃபில்டர் எலக்ட்ரோலிட்டிக்குகளைக் கழற்றி, தனி சப்ளையில் பெரிய ரெசிஸ்டர் வழியாக மணிக்கணக்கில் ஏற்றிப் பழக்குவேன். அது முடிந்தபின்தான் தொப்பியை மாட்டுவேன்.

ஸ்பீக்கர் மாட்டாம வால்வு எரியுதான்னு பாக்கலாமா?

ஹீட்டரை மட்டும் பார்க்கலாம். ஹெச்.டி. போட்டு மைக்கில் பேசக் கூடாது. டிரான்சிஸ்டர் செட்டு ஸ்பீக்கர் ஒயர் ஷார்ட்டானால் போகும், லைன் விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது. வால்வு செட்டுக்கு லைன் விட்டுப்போவதுதான் எமன். சுமை இல்லாத அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் (வால்வு பக்கச் சுருளில்) வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் எகிறி இன்சுலேஷனைத் துளைத்துவிடும்.

என்னுடைய முதல் பெரிய செட்டை இப்படித்தான் இழந்தேன். ஆடி மாதக் காற்றில் சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து குழாய் (கூம்பு ஸ்பீக்கர்) லைன் மேல் விழுந்து ஒயர் அறுந்தது. அறிவிப்பு செய்துகொண்டிருந்தவருக்குத் தெரியாது. சத்தம் வெளியே கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டினார். தார் வாசனை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த டிரான்ஸ்பார்மரை மறுபடி சுற்ற ஏழு மாதம் ஆனது.

சோதனைக்குச் சுமையாக, ஊட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கும் 1000 வாட் காயில் ஹீட்டரே உதவும். அதன் மின்தடை சுமார் 53 ஓம். நம் செட்டுக்கு வேண்டியது 67 ஓம், பாதிச் சத்தத்தில் சோதிக்கப் போதுமான அளவுக்கு நெருக்கம். 750 வாட் இஸ்திரிப் பெட்டி 70 ஓம், இன்னும் நெருக்கம். ஆனால் அதில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. நடுவில் அது கட் ஆனால் கிளை விழுந்த கதைதான். தெர்மோஸ்டாட் இல்லாத காயிலையே பயன்படுத்துங்கள்.

100 வோல்ட் லைன்னா என்ன? எத்தன குழாய் மாட்டலாம்?

மேட்டிலும் பள்ளத்திலும் அரை கிலோமீட்டர் ஒயர் இழுக்க வேண்டிய இடத்துக்காக வந்த ஏற்பாடு அது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 500 மீட்டர் போய்த் திரும்பினால் சுமார் 12 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கரை நேரே மாட்டினால் சக்தியில் அறுபது சதவீதம் ஒயரிலேயே தீர்ந்துவிடும். 100 வோல்ட்டாக ஏற்றி அனுப்பி, குழாய்க்குப் பக்கத்தில் சின்ன டிரான்ஸ்பார்மரால் இறக்கினால் பதினைந்து சதவீதம்தான் இழப்பு.

கணக்கு எளிது. குழாய் டிரான்ஸ்பார்மர்களின் வாட்டைக் கூட்டினால் 150ஐத் தாண்டக் கூடாது. 15 வாட் என்றால் பத்து குழாய், எல்லாம் பேரலலில். 150க்கு மிகக் குறைவாகவும் வேண்டாம். இரண்டே குழாய் மாட்டி முழு வால்யூம் வைப்பது முந்தைய கேள்வியில் சொன்ன ஆபத்துக்குப் பக்கத்து வீடு.

பேசாம இருக்கும்போதும் 'ம்ம்ம்'னு ஒரு சத்தம்.

கனத்த தாழ்ந்த ஒலி என்றால் 50 ஹெர்ட்ஸ். மைக் ஒயரின் ஷீல்டு, எர்த், ஹீட்டர் ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். அதைவிட ஒரு படி மேலே, வண்டு ரீங்காரம் போல் இருந்தால் 100 ஹெர்ட்ஸ், ஃபில்டர் கண்டன்சர் சோர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ரேடியோவில் கரகரப்பு என்றால் அது பாதரச ரெக்டிஃபையரின் குணம்.

நாலு 807ல ஒண்ணு மட்டும் பிளேட் செவந்து போகுது. வால்வு போயிருச்சா?

உடனே ஹெச்.டி.யை அணையுங்கள். பிறகு அந்த வால்வைப் பக்கத்து வால்வோடு இடம் மாற்றுங்கள். சிவப்பு வால்வோடு போனால் வால்வு கோளாறு. அதே இடத்தில் நின்றால் கப்ளிங் கண்டன்சர், கிரிட் ரெசிஸ்டர் அல்லது பயஸ் கோளாறு. ஒவ்வொரு கேதோடிலும் 10 ஓம் ரெசிஸ்டர் சேர்த்துவிட்டால் மல்டிமீட்டரிலேயே பார்த்துவிடலாம். 0.3 வோல்ட் என்றால் 30 மில்லி ஆம்பியர், 600 வோல்ட்டில் 18 வாட். இந்த வால்வின் வரம்பு 25 வாட்.

807 இன்னும் கெடைக்குமா? இல்லாட்டி ஈஎல் 34 போட்டுக்கலாமா?

பழைய இருப்பு கிடைக்கிறது. சீனாவின் எஃப்யூ 7 அதற்குச் சமமான வால்வு. ஈஎல் 34 இன்றும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவில் தயாராகிறது. ஆனால் அதற்கு எட்டுப் பின் பேஸ், தலையில் தொப்பி கிடையாது, பயஸும் வேறு. பேஸை மாற்றி, ஒயரிங்கை மாற்றிச் செய்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன்.

866ஏவுக்குப் பதில் சிலிக்கான் டையோடு போடுவதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன், குழந்தைகள் நடமாடும் இடமென்றால் நானே சொல்வேன். வோல்டேஜ் பத்து, பதினைந்துதான் கூடும். ஆனால் டையோடு ஸ்விட்ச் போட்ட நொடியில் ஹெச்.டி.யைத் தரும். எனவே இரண்டு ஸ்விட்ச் ஏற்பாட்டைக் கலைக்காதீர்கள்.

வீட்ல ஈஎல்சிபி இருக்கு. ஷாக் அடிச்சா டிரிப் ஆயிரும்ல?

ஆகாது. இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 600 வோல்ட் வருவது டிரான்ஸ்பார்மரின் செகண்டரியிலிருந்து, அதாவது மெயினோடு ஒட்டாத இரண்டாவது சுருளிலிருந்து. அது உங்கள் உடல் வழியாகச் சேஸிஸுக்குப் பாய்ந்து செகண்டரிக்கே திரும்பிவிடும். மெயின் லைனில் கசிவே தெரியாது. ஈஎல்சிபி அப்படியே நிற்கும்.

பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டன்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடிக்கும் ரெசிஸ்டர் நல்லபடியாக இருந்தால் அரை நிமிடத்தில் தீரும். அறுந்திருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை நன்றாக உறையிட்ட ஒயரில் கட்டி, ஒரு முனையைச் சேஸிஸில் மாட்டி, மறுமுனையால் ஒவ்வொரு கண்டன்சரையும் வடித்து, பிறகு மீட்டரால் அளந்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். உயிரோடிருக்கும் செட்டில் அளக்கும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். அறையில் இன்னொருவர் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

இடி மின்னல் வந்தா லைனைக் கழட்டிடணுமா? ஸ்பீக்கர் இல்லாம ஓட்டக் கூடாதுன்னும் சொன்னீங்களே?

நல்ல கேள்வி. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) அவர்களின் ஹெத்தை பண்டிகைக்குத் தயார் செய்துகொண்டிருந்த ஒருவர் கேட்டது. கம்பம் கம்பமாகப் போகும் குழாய் லைன் மின்னலுக்கு நீட்டிய கைதான். வரிசை இதுதான்: வால்யூமைக் குறை, ஹெச்.டி.யை அணை, ஹீட்டரை அணை, பிளக்கைப் பிடுங்கு, கடைசியாக லைனைக் கழற்று. இடி தலைக்கு மேல் வந்த பிறகு இதையெல்லாம் செய்யப் போகாதீர்கள். தூரத்தில் உறுமும்போதே செய்யுங்கள்.

வீட்ல பாட்டு கேக்க வெச்சுக்கலாமா?

இதன் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பேச்சுக்காகச் சுற்றப்பட்டது. தவில் கனமும் ஜால்ராவின் மினுக்கும் குறையும். ஆனால் நாதஸ்வரத்தையும் மனிதக் குரலையும் இது கொண்டுபோய்ச் சேர்க்கும் விதம் தனி. தோட்டத்தில் நான்கு வளைவு தாண்டி நிற்பவருக்கும் வார்த்தை வார்த்தையாகப் புரியும். அந்த வேலைக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் விருப்பம். திருவிழாவுக்கு என்றால் காவல் நிலைய அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. கூம்புக் குழாய்க்கு இருக்கும் கட்டுப்பாட்டையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காயலான் கடைக்காரர் கிலோ கணக்குல எடுத்துக்கிறேங்கிறார். குடுத்துரலாமா?

அவர் கேட்பது செம்புக்கும் இரும்புக்கும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரை உடைத்துவிட்டால் அந்தச் செட்டு இனி எழாது, ஏழு மாதக் கதையை மேலே சொன்னேன். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் டிரான்ஸ்பார்மர்களையும் சோக்கையும் வால்வுகளையுமாவது பழுது பார்ப்பவர் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள்.

சரி பண்ணியாச்சு. மழைக்காலத்துல எப்படி வெச்சுக்கிறது?

தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம், மரப்பலகை மேல் வையுங்கள். பிளாஸ்டிக் தாளால் சுற்றாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். பருத்தித் துணி போதும். ஜூன் முதல் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை, சுமையை மாட்டி, ஹீட்டரை அரை மணி, பிறகு ஹெச்.டி.யோடு ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். இரண்டு வாரம் தவறிவிட்டால் மூன்றாம் வாரம் நேரே ஸ்விட்சுக்குப் போகாமல், மெக்கரை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.